ஒரே ஊரில் பிறந்த இரண்டு வங்கிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

கரூர் என்றதும் ஜவுளியும், பஸ் பாடி கட்டும் பட்டறைகளும், கொசுவலையும் நினைவுக்கு வரும். வங்கித் துறையைப் பற்றிப் பேச வந்த எனக்கு அந்த ஊர் வேறொரு காரணத்துக்காக முக்கியம். 1916இல் கரூர் வைசியா வங்கி, 1926இல் லட்சுமி விலாஸ் வங்கி என இரண்டு வங்கிகளை அந்த ஊர் வணிகர்கள் தொடங்கினார்கள். 1969இல் 50 கோடி ரூபாய்க்கு மேல் வைப்புத்தொகை வைத்திருந்த 14 வங்கிகள் நாட்டுடைமையானபோது, இந்த இரண்டும் அந்த அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை. அதனால் தனியார் வங்கிகளாகவே தொடர்ந்தன.

கரூர் வைசியா வங்கி இன்றும் நடக்கிறது. லட்சுமி விலாஸ் வங்கியின் மீது 2020 நவம்பர் 17 அன்று தடை வந்தது. பணம் போட்டவர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. பத்து நாளில் அது சிங்கப்பூரைச் சேர்ந்த டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. வைப்பு வைத்தவர்களின் பணம் தப்பியது. பங்கு வாங்கியவர்களுக்கு ஒரு பைசாகூட மிஞ்சவில்லை.

ஒரே ஊர், ஒரே போட்டி, ஒரே ரிசர்வ் வங்கி விதிகள். அப்படியானால் சந்தையின் அமைப்பு ஒரு வங்கியின் தலையெழுத்தை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது?

1993இல் புதிய தனியார் வங்கிகளுக்குக் கதவு திறந்தது. ஐசிஐசிஐ, எச்டிஎஃப்சி போன்றவை கம்ப்யூட்டரோடும் ஏடிஎம்மோடும் வந்தன. மாதச் சம்பளக்காரர்களின் கணக்குகள் அந்தப் பக்கம் போயின. வங்கிக்கு மிக மலிவாகக் கிடைக்கும் பணம் சேமிப்புக் கணக்கிலும் நடப்புக் கணக்கிலும் இருப்பதுதான். நடப்புக் கணக்குக்கு வட்டியே கிடையாது. அந்த மலிவுப் பணம் குறைந்தால், கூடுதல் வட்டி சொல்லி பிக்சட் டெபாசிட் திரட்ட வேண்டும். அப்புறம் அந்த வட்டியை ஈடுகட்ட, கடனில் கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும். சிறிய வங்கிகளின் நெருக்கடி இங்கேதான் தொடங்குகிறது.

லட்சுமி விலாஸ் வங்கி நன்கு அறிந்தது கடைக்காரர்களையும் சிறு தொழில் செய்பவர்களையும்தான். அந்த வழியை விட்டு, பெரிய கம்பெனிகளுக்குப் பெரிய கடன் கொடுக்கத் தொடங்கியது. பெரிய கம்பெனியின் கணக்கைப் படிக்கும் ஆள்பலம் பெரிய வங்கிகளிடம் இருக்கிறது. நல்ல கம்பெனிகளும் அங்கேதான் போகும். மிச்சமிருப்பவைதான் சிறிய வங்கியின் வாசலுக்கு வரும். 2020 மார்ச்சில் அதன் கடனில் நூற்றுக்குச் சுமார் 25 ரூபாய் வாராக்கடன். கரூர் வைசியா வங்கியும் பெரிய கடன்களில் கை சுட்டுக்கொண்டதுதான். அதே மாதத்தில் அதன் வாராக்கடன் 8 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் அது மீண்டும் சிறு வணிகக் கடன், நகைக் கடன் என்று தான் அறிந்த தொழிலில் கால் ஊன்றியது. இப்போது அந்த அளவு 1 சதவீதத்துக்கும் கீழே.

ஆக, தவறு நிர்வாகத்துடையது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தவறை நோக்கித் தள்ளிய நெருக்கடி சந்தையிலிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பெரிய வங்கியின் பலம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சேமிப்புக் கணக்கு வட்டியை வங்கிகளே தீர்மானிக்கலாம் என்று 2011 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விட்டுவிட்டது. சில சிறிய வங்கிகள் உடனே வட்டியை ஏற்றின. நாட்டின் மொத்த வைப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருக்கும் ஸ்டேட் வங்கி ஏற்றவில்லை. 2025 ஜூனில் அங்கே அந்த வட்டி 2.5 சதவீதமாகக் குறைந்தது. அப்படியும் பணம் பெரிய அளவில் வெளியேறவில்லை. அரசு வங்கி என்ற நம்பிக்கை ஒரு காரணம். இன்னொன்று, கணக்கை மாற்றுவதிலுள்ள அலைச்சல். பென்ஷன், கேஸ் மானியம், தவணைப் பிடித்தம், எல்லாம் ஒரே கணக்கு எண்ணோடு பிணைந்து கிடக்கின்றன.

வீட்டுக் கடனில் இந்தப் பிணைப்பு ஓரளவு அவிழ்ந்தது. மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அபராதம் கேட்கக் கூடாது என்று 2012இல் ரிசர்வ் வங்கி சொன்னது. இன்று கடனை வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்வது சகஜம். மாற்றிவிடுவேன் என்று சொன்னாலே வட்டியைக் குறைக்கும் மேனேஜர்களும் உண்டு.

2017க்கு முன் அரசு வங்கிகள் 27 இருந்தன. இணைப்புகளுக்குப் பிறகு 12. எத்தனை வங்கி இருக்க வேண்டும் என்று நிறைய விவாதிக்கிறோம். வாடிக்கையாளர் சுலபமாக விலகிப் போக முடிகிறதா என்று கேட்பது குறைவு. செல்போன் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் வசதி 2011இலேயே நாடு முழுக்க வந்துவிட்டது. வங்கிக் கணக்கு எண்ணுக்கும் அது வர வேண்டும். வந்தால், கடைத்தெருவை நன்றாக அறிந்த ஒரு சிறிய வங்கிக்கும் மலிவான பணம் கிடைக்கும். தனக்குத் தெரியாத பெரிய கடன்களைத் தேடி அது போக வேண்டியிருக்காது.

நன்றி, வணக்கம்.