காதலைப் பேசாத ஒரு பிப்ரவரி மாலை

நூலகர்களே, தன்னார்வலர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

பிப்ரவரி பிறந்தால் பினாங்குப் பேரங்காடிகள் சிவப்பாகிவிடும். ரோஜா, சாக்லெட், இதய வடிவ பலூன். பதினான்காம் தேதி, காதலர் தினத்தன்று, பள்ளியில் ஒரே கேள்வி: உனக்கு யார் கொடுத்தார்கள்? யாரும் கொடுக்காத பிள்ளைகள் நிறைய. பேசாமல் வீட்டுக்குப் போய், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்காக அன்று மாலை நம் நூலகம் ஒரு விருந்து வைக்க வேண்டும்.

அமெரிக்க நூலகங்கள் பலவற்றில் 'காதலர் தின எதிர்ப்பு விருந்து' என்ற பெயரில் இது நடக்கிறது. உடைந்த இதய வடிவில் பிஸ்கட் செய்து அலங்கரிப்பார்கள், பேய்ப்படம் பார்ப்பார்கள். பிஸ்கட், பேய்ப்படம் இரண்டும் நமக்கும் ஆகும். காதலிப்பவர்களைக் கேலி செய்யும் விளையாட்டுகள் மட்டும் வேண்டாம். கேலி தொடங்கிவிட்டால் கடைசியில் அது தனியாக வந்த பிள்ளையின் மேல்தான் விழும்.

பெயரிலும் கவனம் வேண்டும். முஸ்லிம்கள் காதலர் தினம் கொண்டாடக் கூடாது என்று இஸ்லாமிய மார்க்கத் தீர்ப்பு சொல்லும் மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 2005இல் முடிவு செய்தது. ஆகவே எதிர்ப்புக்காகக்கூட அந்தச் சொல் அழைப்பிதழில் வேண்டாம். 'நண்பர்கள் மாலை' என்றே போடுவோம். பலகாரம் ஹலாலாக இருக்கட்டும். மலாய்ப் பிள்ளைகளும் தயங்காமல் வர வேண்டும். பொது நூலகம் என்றால் அப்படித்தான்.

விளையாட்டை நம் ஊர் வழக்கத்திலிருந்தே எடுக்கலாம். சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள், சாப் கோ மே. நல்ல கணவன் அமைய வேண்டுமென்று பெண்கள் பாடாங் கோத்தா கடற்கரையில் ஆரஞ்சுப் பழத்தைக் கடலில் வீசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் பிள்ளைகள் பழத்தின் தோலில் தமக்குப் பிடித்த புத்தகத்தின் பெயரை எழுதிக் கூடையில் போடட்டும். யார் கைக்கு எந்தப் பழம் வருகிறதோ, அவர் அந்தப் புத்தகத்தை இரவல் வாங்க வேண்டும். எழுதியவர் எழுந்து, அது ஏன் பிடிக்கும் என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத இருவர் பேசத் தொடங்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இது. ஜோடி சேர்க்கும் விளையாட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கதை சொல்லும் நேரமும் வேண்டும். மன்னன் கோப்பெருஞ்சோழனும் புலவர் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே நண்பர்களானவர்கள். அந்த நட்பைப் புறநானூறு பாடுகிறது. இணையத்தில் மட்டுமே நண்பர்கள் உள்ள பிள்ளைக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம். தமிழில் காதலைப் போலவே நட்பும் பெரிதாகப் பாடப்பட்டிருக்கிறது என்று அந்தப் பிள்ளை தெரிந்துகொள்வது எனக்கு முக்கியம்.

பெற்றோர்களே, பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நீங்கள் கீழ்த்தளத்திலேயே இருங்கள். மேலே எட்டிப் பார்க்காதீர்கள். தன்னார்வலர்கள் திட்டத்தை மட்டும் வரைந்து வைத்துவிட்டு, எந்தப் படம், எந்தப் பாட்டு என்பதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். நான்கைந்து பேரை இந்த வாரமே அழைத்துக் கேளுங்கள். ஆரஞ்சுப் பழம் என் பொறுப்பு.