விளக்கு இருக்கிறது, எரியாது: ஷோரூமை விட்டு விலகிப்போன டிராக் ரேஸ் கார்கள்

அனைவருக்கும் வணக்கம். இன்று வெளியே எங்கும் போகவில்லை; இந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்துதான் பேசப் போகிறேன். என் கையில் இருப்பது, நேர்ப்பாதையில் இரண்டிரண்டு கார்களாக மோதும் டிராக் ரேஸில் ஓடும் கார் ஒன்றின், அசலில் 24-ல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்ட மாதிரி. சென்ற வாரம் இதை என் அக்கா மகனிடம் காட்டினேன். மூக்கில் எழுதியிருந்த ‘கேம்ரி’ என்ற பெயரை எழுத்துக்கூட்டிப் படித்த அவன், காரை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாமா, இதற்குக் கதவு எங்கே?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அப்போது நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இந்த வீடியோ.

ஷோரூமில் நிற்கும் கேம்ரிக்கு நான்கு கதவுகள் உண்டு; ஐந்து பேர் உட்காரலாம்; எஞ்சினின் சக்தி பெரும்பாலும் முன்சக்கரங்களுக்குப் போகும். இந்தக் காரில் திறக்கக்கூடிய கதவு ஒன்றுகூட இல்லை. உட்காருபவர் ஒரே ஒருவர், அவரும் நட்டநடுவில். சக்தி முழுவதும் பின்சக்கரங்களுக்கு. கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், முன்விளக்கைப் பாருங்கள். கண்ணாடிக்குள் பல்பு இருப்பதுபோல் ஒளியும் நிழலும் சேர்த்து அச்சிட்டிருக்கிறார்கள். நகத்தால் தடவினால் மேடும் தட்டுப்படாது, பள்ளமும் தட்டுப்படாது. பொம்மை என்பதால் இப்படிச் செய்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் அசல் காரிலும் விளக்கும் கிரில்லும் ஒட்டப்பட்ட படங்கள்தாம்.

இந்த வகைக் காருக்கு அமெரிக்காவில் ‘ஃபன்னி கார்’ என்று பெயர். சிரிப்பூட்டும் கார் என்ற பொருளில் அல்ல, ‘பார்க்க ஏதோ கோணலாக இருக்கிறதே’ என்ற பொருளில் வந்த பெயர் அது. அந்தக் கோணல் எப்படி வந்தது என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வாலி பார்க்ஸ் 1951-ல் தொடங்கிய என்.எச்.ஆர்.ஏ. என்ற அமைப்புதான் அமெரிக்காவில் டிராக் ரேஸைத் தெருவிலிருந்து மைதானத்துக்குக் கொண்டுவந்து விதிகளுக்குள் அடக்கியது. கால் மைல், அதாவது ஏறக்குறைய 402 மீட்டர் நேர்ப்பாதை; இரண்டு கார்கள்; முதலில் கோட்டைத் தொடுவது வெற்றி. கடையில் வாங்கிய காரை அப்படியே ஓட்டிவந்து கலந்துகொள்ளும் பிரிவுகளும் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கும் அதே மாடல் ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் திங்கட்கிழமை விற்பனை கூடும் என்பது டெட்ராய்ட் நகரத்துக் கார் நிறுவனங்களின் கணக்கு. ஆகவே 1960-களின் தொடக்கத்தில், பந்தயத்துக்கென்றே எடை குறைத்த கார்களை நிறுவனங்களே செய்து விற்பனையாளர்கள் வழியாக விற்றன. விலகல் தொடங்கிய இடம் அதுதான்.

1963-ல் போண்டியாக் நிறுவனம் கேடலினா என்ற தன் பெரிய காரின் அடிச்சட்டத்தில் வரிசையாக ஓட்டை போட்டு இரும்பைக் குறைத்தது. மொத்தம் 14 கார்கள்தாம். ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டி போல் இருந்ததால் ‘சுவிஸ் சீஸ்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. குனிந்து அடியில் பார்க்க வேண்டும்.

அடுத்த ஆண்டு ஃபோர்டு செய்த ஃபேர்லேன் தண்டர்போல்ட்டில் வித்தியாசம் முகத்துக்கே வந்துவிட்டது. இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த கார் இதுதான் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். அது நடுத்தரக் குடும்பத்துக்கான கார். அதற்குள் ஏழு லிட்டர் எஞ்சினைத் திணித்தார்கள். அந்த எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று வேண்டும். முன்னால் பக்கத்துக்கு இரண்டாக இருந்த நான்கு விளக்குகளில் உள்பக்கத்து இரண்டையும் கழற்றிவிட்டு, அந்தக் குழிகளில் வலை மூடிய காற்றுத் துவாரங்களை வைத்து, அங்கிருந்து தடித்த குழாய்களைக் கார்புரேட்டருக்கு இழுத்தார்கள். பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஃபைபர் கிளாஸுக்கு மாறின. ஸ்டெப்னி இல்லை, ஜாக்கி இல்லை, வெயில் மறைப்பு இல்லை, கைவைக்கும் கட்டை இல்லை. ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருபவரின் பக்கத்து வைப்பரைக்கூட எடுத்துவிட்டார்கள். மழையில் பாதிக் கண்ணாடி மட்டும் துடைக்கும் ஒரு காரைப் பெரிய நிறுவனமொன்று 100 எண்ணிக்கை செய்து கடை வழியாக விற்றது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆனாலும் அதைத் தெருவில் பார்ப்பவர் எவரும் ‘ஃபேர்லேன் வருகிறது’ என்றுதான் சொல்லியிருப்பார்.

1965-ல் கிரைஸ்லர் செய்ததுதான் உண்மையான துணிச்சல். சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டையை வைத்து ஓட்டியவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும்: மூட்டை பின்னால் நகர நகர முன்சக்கரம் லேசாகி எழும்பும், பின்சக்கரம் மண்ணில் அழுந்தும். டிராக் ரேஸில் வேண்டியது இந்த அழுத்தமே. அந்தக் காலத்து டயர்களுக்குப் பிடிமானம் குறைவு; எவ்வளவு சக்தி கொடுத்தாலும் பின்சக்கரம் புகை கிளப்பிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும். எடையைப் பின்னால் தள்ள முடியாது. எஞ்சின் முன்னால்தானே இருக்கிறது. அதனால் சக்கரங்களை நகர்த்தினார்கள். டாட்ஜ், பிளிமத் கார்களின் பின்சக்கரங்களை 15 அங்குலமும் முன்சக்கரங்களை 10 அங்குலமும் முன்னுக்குக் கொண்டுபோனார்கள். போதாதென்று, கார் உடலின் தகட்டை அமிலத்தில் ஊறவைத்து மெலிதாக்கினார்கள். விளைவு எப்படி இருந்தது தெரியுமா? பின்சக்கரம் கிட்டத்தட்ட கதவுக்குக் கீழே வந்துவிட்டது, வண்டியின் பின்பகுதி வால்போல் நீட்டிக்கொண்டிருந்தது, முன்சக்கரம் பம்பருக்குப் போய் ஒட்டிக்கொண்டது. தகடு ஒவ்வொன்றும் ஷோரூம் காரின் தகடுதான். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் கை கால் இடம் மாறிப் பிறந்த பிராணி. என்.எச்.ஆர்.ஏ. தன் தொழிற்சாலைக் கார் பிரிவில் இவற்றை ஏற்க மறுத்தது. போட்டி அமைப்பான ஏ.எச்.ஆர்.ஏ. ஏற்றுக்கொண்டது. மக்கள் காசு கொடுத்துப் பார்க்க வந்தார்கள். ‘ஃபன்னி’ என்ற பெயர் நிலைத்தது.

இவ்வளவுக்குப் பிறகும் அது கார் உடலாகவே இருந்தது. 1966-ல் அந்தக் கடைசி இழையும் அறுந்தது. டான் நிக்கல்சன் போன்றோர் ஓட்டிய மெர்குரி காமெட் கார்களுக்காக, மிச்சிகனில் இருந்த லோகி சகோதரர்களின் பட்டறை இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு சட்டகத்தைச் செய்தது. அதன் மேல் ஃபைபர் கிளாஸால் வார்த்த, காமெட் போன்ற ஒரே துண்டு மேலோடு ஒன்றை வைத்தார்கள். பின்புறத்தில் ஒரு கீல். முன்னாலிருந்து தூக்கினால் முழு உடலும் முதலை வாயைப் போல் திறக்கும்.

என் கையில் இருப்பதும் அப்படித்தான், இதோ தூக்குகிறேன். உள்ளே கார் என்று சொல்ல என்ன இருக்கிறது, பாருங்கள். கூண்டு, எஞ்சின், இருக்கை, அவ்வளவுதான். மேலே இருக்கும் ஓடு இன்று கார்பன் ஃபைபர். கூரையில் இருக்கும் இந்தச் சிறிய மூடி, தீப்பற்றினால் ஓட்டுநர் தப்பித்து வெளியேறுவதற்கு. மைதானத்தில் டயரைச் சூடாக்கிவிட்டுக் கார் பின்வாங்கி வந்ததும், குழுவினர் ஓடிவந்து இந்த ஓட்டைத் தூக்கி, உறுமிக்கொண்டிருக்கும் எஞ்சினைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்துவிட்டு மீண்டும் மூடுவார்கள். முதன்முதலாகப் பார்ப்பவருக்கு அந்தக் காட்சி சற்று அதிர்ச்சியாகவே இருக்கும். ஒரு காரின் முகத்தைக் கழற்றி மறுபடி மாட்டுவதுபோல் இருக்கும்.

இன்னொரு செய்தி. ஓட்டின் மேல் ஃபோர்டு முஸ்டாங் என்று இருக்கலாம், செவர்லே கமேரோ என்று இருக்கலாம், டொயோட்டா சுப்ரா என்று இருக்கலாம். உள்ளே இருக்கும் 500 கன அங்குல எஞ்சினின் அடிப்படை அமைப்பு மட்டும் 1960-களில் கிரைஸ்லர் கொண்டுவந்த ஹெமி எஞ்சினின் வழியில் வந்தது. பெட்ரோல் அல்ல, பெரும்பகுதி நைட்ரோ மீத்தேன் குடிக்கும் அந்த எஞ்சின் 11,000 குதிரைத்திறனுக்கு மேல் தருவதாகச் சொல்லப்படுகிறது. ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் 2008-ல் விபத்தில் இறந்த பிறகு இவற்றுக்குப் பந்தயத் தூரத்தை 1,000 அடியாகக் குறைத்துவிட்டார்கள். அதை நான்கு வினாடிக்குள் கடக்கின்றன. ஆகவே எந்த நிறுவனம் ஜெயித்தது என்று கேட்டால், எந்த முகமூடி ஜெயித்தது என்றுதான் பதில் சொல்ல முடியும்.

ரசிகர்களுக்கு இது உறுத்தாமல் இல்லை. பார்த்தால் நம் கார்போல் இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் 1970-ல் புரோ ஸ்டாக் என்ற பிரிவே பிறந்தது. கலிஃபோர்னியாவின் பமோனாவில் நடந்த அதன் முதல் போட்டியில் பில் ஜென்கின்ஸ் 1968 மாடல் கமேரோவில் ஜெயித்தார். நிஜமான கதவு, நிஜமான தகடு. அந்தத் தூய்மை எத்தனை ஆண்டுகள் நின்றது என்கிறீர்கள்? நான்கே ஆண்டு. 1974-ல் அதே ஜென்கின்ஸ், வேகா என்ற சின்னக் காரின் உடலுக்குள் முழுவதும் குழாய்களால் ஆன சட்டகத்தோடு வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதியில் வழி இருந்தது, அவர் போனார். பிறகு எல்லோரும் போனார்கள். பின்னாளில் இந்தப் பிரிவில் செவர்லே கோபால்ட் ஓடியது. கடையில் விற்ற கோபால்ட், நான்கு சிலிண்டர் எஞ்சினோடு முன்சக்கரங்களால் ஓடிய சிக்கனக் கார். பந்தயக் கோபால்ட்டிலோ எட்டு சிலிண்டர், 500 கன அங்குலம், பின்சக்கர ஓட்டம். பெயர் ஒன்று, பிறவி வேறு. புரோ ஸ்டாக்கில் கதவு இன்றும் திறக்கிறது என்பதை மட்டும் அதன் பெருமையாகச் சொல்லலாம். 2016-ல் கார்புரேட்டர்களை விலக்கிவிட்டு எரிபொருளை உட்செலுத்தும் முறையைக் கட்டாயமாக்கி, பானெட்டின் மேல் பெரிய பெட்டிபோல் எழுந்து நின்ற காற்றுக்கூண்டையும் எடுக்கச் சொன்னார்கள். அதன் பிறகு முன்பக்கத் தோற்றம் ஷோரூமை நோக்கி ஓரடி திரும்பி வந்தது என்பது என் கருத்து.

தோற்றத்தை மாற்றிய இன்னொரு சக்தி காற்று. 1980-களில் ஓட்டுநர் கென்னி பெர்ன்ஸ்டீனின் குழு, காற்றை வேகமாகச் செலுத்திப் பார்க்கும் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துத் தன் ஃபன்னி காரின் மேலோட்டுக்கு வடிவம் கொடுத்தது. 1987-ல் அவர் ஓட்டியது பியூக் லெசேபர். ஓய்வுபெற்ற பெரியவர்கள் நிதானமாக ஓட்டும் கார் அது. பந்தயத்தில் அது எடுத்த உருவத்தைப் பார்த்தவர்கள் ‘பேட்மொபைல்’, அதாவது பேட்மேனின் கார், என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகுதான் ஓட்டின் வடிவத்துக்கு விதிகள் இறுகின. விதி இல்லையென்றால் பெயர்ப்பலகை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

முகமூடியே எதற்கு, கழற்றி வீசிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். கழற்றிய வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. டாப் ஃபியூயல் டிராக்ஸ்டர் என்ற நீண்ட ஊசி போன்ற வண்டி அது. இரண்டும் ஒரே வகை எஞ்சின், ஏறக்குறைய ஒரே வேகம். ஆனால் ஒரு கார் நிறுவனம் தன் புது மாடலின் முகத்தை ஊசியின் மேல் ஒட்ட முடியாது. ஃபன்னி காரின் மேல் ஒட்டலாம். அந்த ஒட்டும் இடத்துக்காகத்தான் அவர்கள் பணம் தருகிறார்கள்.

இதற்கிடையில் எதிர்த்திசையிலும் ஒரு நகர்வு நடந்தது. டாட்ஜ் 2018 மாடலாக வெளியிட்ட டீமன் காரில் ஓட்டுநர் இருக்கை மட்டும்தான் உண்டு. பக்கத்து இருக்கை வேண்டுமென்றால் ஒரு டாலர் கூடுதல். 840 குதிரைத்திறன். கால் மைலை 9.65 வினாடியில் கடக்கும் என்று நிறுவனம் அறிவித்தது. பாதுகாப்புக் கூண்டு இல்லாமல் அந்த வேகத்தில் ஓடக்கூடாது என்று என்.எச்.ஆர்.ஏ. தடை போட்டது. நிறுவனம் அந்தத் தடையையே விளம்பரமாக்கிக்கொண்டது. அதாவது, 1964-ல் வைப்பரைக் கழற்றியது போல் இப்போது இருக்கையைக் கழற்றியிருக்கிறார்கள். கமேரோ கோபோ, முஸ்டாங் கோப்ரா ஜெட், சாலஞ்சர் டிராக் பேக் என்று தெருவில் ஓட்டப் பதிவு செய்ய முடியாத பந்தயக் கார்களையும் நிறுவனங்களே விற்றன; அவற்றுக்கென்றே தனிப் பிரிவும் நடக்கிறது. தகடு தகடாகத் தெரியும் கார்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் அந்தப் பிரிவைத்தான் சொல்வேன்.

கமேரோவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அந்தக் காரின் உற்பத்தி 2024 மாடலோடு நின்றுவிட்டது. மைதானத்தில் மட்டும் கார்பன் ஃபைபர் கமேரோக்கள் அதற்குப் பிறகும் வரிசையாக நின்று ஓடுகின்றன. முகம் கொடுத்த கார் போய்விட்டது, முகமூடி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அக்கா மகன் அடுத்த மாதம் விடுமுறைக்கு வருவான். கதவு எங்கே என்று மறுபடி கேட்டால், இந்த ஓட்டைத் தூக்கிக் காட்டி, இதுதான் கதவு என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். இப்போது மூடிவைக்கிறேன், இந்தக் கீல் கொஞ்சம் லொடலொட என்று ஆடுகிறது, அவன் வருவதற்குள் ஒட்ட வேண்டும்.