அண்ணனுக்குச் சம்பளம் எவ்வளவு? குடும்பக் கடையில் யாரும் கேட்காத கேள்வி

[திரையில்: மாலை நேரம். நெல்லை டவுன் ரத வீதி. கடைப் பலகைகள் ஒவ்வொன்றாக நகர்கின்றன.]

திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒரு சுற்று நடந்து வந்தால், கடைப் பலகைகளிலேயே பல குடும்பங்களின் வரலாற்றைப் படித்துவிடலாம். தாத்தா பேர், அப்பா பேர், 'அண்ட் சன்ஸ்', 'பிரதர்ஸ்'. 'அண்ட் டாட்டர்ஸ்' என்று ஒரு பலகையைத் தேடினால் கால்தான் வலிக்கும். அதைப் பிறகு பேசுவோம்.

இந்த மாதிரிக் கடைகளில் சரக்குக்குக் கணக்கு இருக்கும். வெளியே நிற்கிற பாக்கிக்குக் கணக்கு இருக்கும். கடைப் பையனுக்குக் கொடுத்த அட்வான்ஸுக்கும் நோட்டு இருக்கும். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மகனிடம் "உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். "நம்ம கடைல நமக்கு எதுக்குய்யா சம்பளம்?"

குடும்ப வியாபாரத்தின் நிர்வாகத்தை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டால் பில்லிங் சாப்ட்வேர் போடு, இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கு என்று பலரும் சொல்வார்கள். போடட்டும், தொடங்கட்டும். ஆனால் முதல் வேலை வேறு. கடையில் வேலை செய்கிற குடும்பத்தார் அத்தனை பேருக்கும் சம்பளம் எழுத வேண்டும். உழைப்புக்குச் சம்பளம், பங்குக்கு லாபம். இந்த இரண்டும் ஒரே கல்லாவில் கலந்து கிடக்கும்வரை மற்ற எதைச் செய்தாலும் நிற்காது.

[திரையில்: ஓர் இனிப்புக் கடையின் வரைபடம். பின்னால் பட்டறை, முன்னால் கல்லா.]

ஒரு கடையை வைத்துப் பேசுவோம். கற்பனைக் கடைதான். எண்களும் கணக்கு புரிவதற்காகப் போட்டவை.

பாளையங்கோட்டையில் ஓர் இனிப்பு காரக் கடை. அப்பா தொடங்கியது, கட்டடமும் அவர் சம்பாதித்து வாங்கியது. மூத்த மகன் பட்டறையைப் பார்க்கிறார். சம்பா கோதுமையை ஊறப்போட்டு, அரைத்து, பால் எடுத்து, அது நெய் கக்கி வரும்வரை அடுப்படியில் நிற்பது அவர் பாடு. இரண்டாமவர் கல்லா, கொள்முதல். மூன்றாமவருக்குச் சென்னையில் ஐடி வேலை. தங்கையைக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். முறுக்கு மாவுக்கும் அதிரசப் பாகுக்கும் அம்மா கை வேண்டும்.

வருஷக் கடைசியில் ஆடிட்டர் சொல்கிறார்: லாபம் 12 லட்சம்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்த சின்னவர் மெதுவாக ஆரம்பிக்கிறார். "அண்ணே, பன்னெண்டு லட்சம்னா எனக்கு ஒரு நாலு லட்சமாவது வரணும்லா?" மூத்தவருக்குச் சுருக்கென்று ஏறுகிறது. "விடியக்காலம் எந்திச்சு அடுப்பு பத்த வைக்கது நானு. ஏசி ரூம்ல இருக்க உனக்கு எதுக்குலே நாலு லட்சம்?"

இதில் யார் சொல்வது நியாயம்? தெருவில் பத்துப் பேரைக் கேட்டால் ஐந்து பேர் அண்ணன் பக்கம், ஐந்து பேர் தம்பி பக்கம் நிற்பார்கள். நான் யார் பக்கமும் நிற்கவில்லை. ஏனென்றால் 12 லட்சம் என்ற எண்ணே தப்பு.

[திரையில்: 12,00,000. அதன் கீழே ஒவ்வொரு வரியாகக் கழிகிறது.]

அந்தக் கட்டடத்தை வெளியாருக்கு விட்டால் மாதம் 25,000 வாடகை வரும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 3 லட்சம். அண்ணன் இடத்தில் வெளியிலிருந்து ஒரு மாஸ்டரை வைத்தால் 30,000, கல்லாவில் இருக்கும் இரண்டாமவர் இடத்தில் நம்பிக்கையான மேனேஜரை வைத்தால் இன்னொரு 30,000. இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு 7,20,000. அம்மா செய்கிற வேலைக்கு மாதம் 10,000 என்று குறைத்தே போட்டாலும் 1,20,000. கூட்டினால் 11,40,000.

மிச்சம் 60,000. கடையில் முடங்கியிருக்கும் முதல் 20 லட்சம் என்றால், 3 சதவீதம். பேங்கில் டெபாசிட் போட்டிருந்தாலே இதைவிட அதிகமாகக் கிடைத்திருக்கும்.

சின்னவர் பங்கு கேட்டது லாபத்தில் இல்லை, அண்ணனின் கூலியில். அது அவருக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தன் கூலி எவ்வளவு என்று தெரியாததால் கோபப்பட மட்டும்தான் முடிந்தது.

இந்தக் கணக்கு சண்டையைத் தீர்ப்பதோடு நிற்பதில்லை. கடை அல்வாவின் விலையைப் பாருங்கள். சொந்தக்காரர் உழைப்புக்குப் பூஜ்யம் போட்டு விலை வைத்திருப்பதால்தான் பக்கத்துக் கடையைவிடக் குறைவாகக் கொடுக்க முடிகிறது. அண்ணனுக்கு முதுகு பிடித்து மூன்று மாதம் படுத்தால் வெளியாளை வைக்க வேண்டும், அன்றைக்கே கடை நஷ்டத்தில் ஓடும். விலையை 5 சதவீதம் ஏற்றுவதா, ஓடாத சரக்கு நாலைந்தை நிறுத்துவதா என்ற பேச்சை, சம்பளம் எழுதிய பிறகுதான் ஆரம்பிக்கவே முடியும்.

அப்புறம் மதினி. மூத்தவருடைய மனைவி. பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டும் என்றாலும், அம்மா வீட்டுக்குப் போய்வரப் பஸ் செலவு என்றாலும், கல்லாவிலிருந்து எடுக்க வேண்டும். எடுப்பதை மாமனார் பார்ப்பார், கொழுந்தன் பார்ப்பார். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் பார்ப்பார்கள். குடும்பக் கடைகள் பிரிந்த கதையை விசாரித்தால் பலவற்றில் இந்தப் பார்வைதான் ஆரம்பம். மாதம் பிறந்தால் 30,000 பேங்க் கணக்கில் ஏறிவிட்டது என்றால், அந்த வீடு எதில் செலவழித்தது என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. இன்னொன்று, வீட்டுக் கடனுக்குப் போனால் பேங்கில் வருமானச் சான்று கேட்பார்கள். "கடை எங்களோடதுதான் சார்" என்பது சான்று ஆகாது.

[திரையில்: ஒரு பற்று நோட்டு.]

சம்பளம் போட்டால் பற்று நோட்டும் வேண்டும். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன பத்து கிலோ லட்டு, வீட்டுக்குப் போன நெய் டின், எல்லாவற்றையும் எடுத்தவர் பேரில் எழுதுங்கள். எடுக்கக்கூடாது என்று சொல்லவில்லை, எழுதாமல் எடுக்கக்கூடாது, அவ்வளவுதான். அன்பளிப்பாகவும் சொந்த உபயோகத்துக்கும் போகிற சரக்குக்கு ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது என்பதால், ஆடிட்டருக்கும் இந்த நோட்டு தேவைப்படும்.

நம் பக்கத்து வியாபாரத்துக்கு இது இன்னும் முக்கியம். காரணம், இங்கே பணம் அலை அலையாக வரும். ஆனியில் நெல்லையப்பர் தேர், கூடவே குற்றாலம் சீசன், ஐப்பசியில் தீபாவளி. அந்த வாரங்களில் கல்லா மூடாது. மூடாத கல்லாவைப் பார்த்தால் லாபம் மாதிரியே இருக்கும். நெய்க்காரருக்கு நிற்கிற பில்லும் சீனி மண்டிப் பாக்கியும் அதற்குள்ளேதான் கிடக்கின்றன. சீசனில் புது பைக் எடுத்துவிட்டு, புரட்டாசியில் வட்டிக்கு வாங்கிச் சரக்கு போடுகிற கடைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. சம்பளம் நிலையாக இருந்தால் சீசன் பணம் கடைக் கணக்கிலேயே தங்கும்.

சம்பளத்தை எப்படி நிர்ணயிப்பது? வெளியாளை வைத்தால் இந்த வேலைக்கு என்ன கொடுப்போமோ, அதுதான். மூத்தவர் என்பதற்காகக் கூட்டவும் வேண்டாம், கல்யாணம் ஆகாத பையன் என்பதற்காகக் குறைக்கவும் வேண்டாம். வருமான வரிச் சட்டமும் இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. உறவினருக்குச் சந்தை அளவைவிட அதிகமாகக் கொடுத்தால், அதிகப்படியை அதிகாரி செலவாக ஏற்க மறுக்கலாம்.

[திரையில்: பத்திரத் தாள். 'இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932'.]

இனி காகித வேலை. நம் கற்பனைக் கடை அப்பா பேரில் இருக்கிறது. அப்படியென்றால் அப்பா இருக்கும்வரை 12 லட்சமும் சட்டப்படி அவருடையதுதான், அண்ணன் தம்பி இருவரும் வீணாகத்தான் சண்டை போட்டார்கள். அவர் கண்ணை மூடினால் நிலைமை தலைகீழ். ஜிஎஸ்டி பதிவு அவருடைய பான் எண்ணில், கரண்ட் அக்கவுண்ட் அவர் கையெழுத்தில், உணவுப் பாதுகாப்பு உரிமம் அவர் பேரில். பதினாறாம் நாள் முடிவதற்குள் நெய்க்காரருக்குச் செக் கொடுக்க ஆள் இருக்காது.

கூட்டாண்மையாக, அதாவது பார்ட்னர்ஷிப்பாக, மாற்றினால் போதுமா? பத்திரத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பாருங்கள். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், கூட்டாளிகளுக்கு லாபம் சரிசமம், வேலை செய்கிறவருக்குச் சம்பளம் கிடையாது. அதாவது அண்ணன் பட்டறையில் வெந்தாலும், தம்பி சென்னையில் இருந்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு இருவரும் ஒன்றுதான். 42ஆம் பிரிவின்படி, வேறு ஏற்பாடு எழுதாவிட்டால் கூட்டாளி ஒருவர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். 69ஆம் பிரிவின்படி, பதிவு செய்யாத நிறுவனம் தனக்கு வரவேண்டிய பாக்கிக்காக வழக்குப் போட முடியாது. தெரிந்தவர் கடை பத்திரத்தை வாங்கிப் பேரை மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளும் பழக்கம் இருக்கிறதே, அதில் இந்த மூன்றும் விட்டுப்போகும்.

வேலை செய்யும் கூட்டாளியின் சம்பளத்தையும் முதலுக்கான வட்டியையும் பத்திரத்தில் எழுதினால் வரிக் கணக்கில் செலவாகவும் காட்டலாம். சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, வட்டிக்கு 12 சதவீதம்வரை. எழுதாவிட்டால் இரண்டும் கிடையாது.

[திரையில்: அதே வரைபடம். இப்போது தங்கையின் உருவமும் சேர்கிறது.]

தம்பி 12 லட்சத்தை மூன்றால் வகுத்தார், கவனித்தீர்களா? தங்கையை எண்ணவே இல்லை. "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, அதோட கணக்கு முடிஞ்சுது" என்பது நம் ஊர்க் கணக்கு. சட்டத்தில் அப்படி ஒரு கணக்கு இல்லை. இந்துக் குடும்பத்தில் தகப்பனார் உயில் எழுதாமல் போனால், அவர் சுயமாகச் சம்பாதித்ததில் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பிறப்பால் உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989இல் வந்த திருத்தம் அதற்குமுன் கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது. 2005இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அந்தத் திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தையும், தேவையில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மேலப்பாளையத்து முஸ்லிம் குடும்பங்களுக்கும் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் சட்டம் வேறு, பங்கும் வேறு. ஆனால் மகளுக்கு ஒன்றுமில்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

உயில் எழுதுவதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்துவிட்டால் பின்னால் வழக்கு வந்தாலும் தெம்பு.

பெரிய குடும்பங்கள் இதை எப்படிச் செய்தன? நம் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் தொடங்கியதுதான் டிவிஎஸ். பேரன், கொள்ளுப்பேரன் என்று கிளைகள் பெருகிய பிறகு, 2020 டிசம்பரில் குடும்பமாக உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். எந்தக் கிளை எந்தக் கம்பெனியை நடத்துகிறதோ, உரிமையும் அந்தக் கிளைக்கே போகட்டும் என்பது அதன் சாரம். 2022 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. அவர்களுக்கு நூறு வருஷம் தாங்கியது, நமக்கும் தாங்கும் என்று சிலர் சொல்வார்கள். கவனிக்க வேண்டியது வருஷத்தை இல்லை. யார் நடத்துகிறார், யாருக்குப் பங்கு என்ற இரண்டு கேள்விகளையும் அவர்கள் உட்கார்ந்து பேசி எழுதினார்கள்.

மாதம் ஒருநாள் கடையை அடைத்த பிறகு உட்கார்ந்து பேசுவது, இத்தனை ரூபாய்க்கு மேல் கொள்முதல் என்றால் இரண்டு பேர் கையெழுத்து என்று வைப்பது, இதெல்லாம் பிறகு தானாக வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் பேசாதீர்கள். பரிமாறுகிற அம்மா நடுவராகிவிடுவார்.

[திரையில்: ஒரு நாற்பது பக்க நோட்டு.]

சரி, அப்பாவிடம் யார் சொல்வது? "எலேய், நான் இருக்கும்போதே பங்கு பிரிக்கப் பாக்கியா?" என்று முதல் வார்த்தையிலேயே விழும். அதனால் பங்கு, பத்திரம், உயில் எதையும் முதலில் எடுக்க வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு, யாருக்கும் பணம் மாற்றாமல், நோட்டில் மட்டும் சம்பளம், வாடகை, பற்று எழுதுங்கள். முதல் வரியில் அப்பா பேரை எழுதி, கட்டட வாடகை 25,000 என்று அவருக்கு வரவு வையுங்கள். அடுத்த வரியில் அம்மாவுக்கு 10,000. உங்கள் பேர் மூன்றாவது வரியில் வரட்டும். மூன்றாம் மாதம் முடிந்ததும் நோட்டை அப்பாவிடமே கொடுத்து, அவர் கையாலேயே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சம்மதித்த பிறகு ஆடிட்டரிடம் போகும்போது அந்த நோட்டு, கட்டடப் பத்திர நகல், ஜிஎஸ்டி சான்றிதழ், உணவு உரிமம் எல்லாம் கையில் இருக்கட்டும். அப்பாவையும் கூட அழைத்துப் போங்கள், அவர் பேரில் இருப்பதை மாற்ற அவர் கையெழுத்து இல்லாமல் முடியாது.