சோப்ரானோஸ் தொடர்ச்சி: சம்பந்தி வீட்டுக் கணக்கு

வணக்கம் மக்களே. தி சோப்ரானோஸ்ங்கற அமெரிக்க மாஃபியா சீரிஸுக்கு ஒரு தொடர்ச்சி எடுத்தா எப்படி எடுக்கலாம்னு பாக்கப் போறோம். 86 எபிசோடையும் இன்னும் பாக்காதவங்க வீடியோவ இங்கயே நிறுத்திடுங்க. கடைசி சீன் வரைக்கும் போட்டு உடைக்கப் போறேன்.

கடைசில மாஃபியா தலைவர் டோனி சோப்ரானோ செத்தாரா இல்லையாங்கற பஞ்சாயத்துக்குள்ள போகல. 2007 ஜூன் 10, ஹோல்ஸ்டன்ஸ் கடை, ஆனியன் ரிங்ஸ், ஸ்க்ரீன் கருப்பு. முடிஞ்சுது. டோனியா நடிச்ச ஜேம்ஸ் காண்டோல்பினியும் 2013-ல போயிட்டாரு. இனிமே டோனி இல்லாம என்ன பண்ணலாம்?

டோனியோட சின்ன வயசுக்குப் பின்னாடி போகலாம்னு சீரிஸ உருவாக்குன டேவிட் சேஸே 2021-ல தி மெனி செயின்ட்ஸ் ஆஃப் நியூவார்க்ங்கற முன்கதைப் படத்த எடுத்துப் பாத்தாச்சு. காண்டோல்பினி மகன் மைக்கேல், டீன் ஏஜ் டோனியா சரியாத்தான் பண்ணிருந்தாரு. இடிச்சது வயசுக் கணக்கு. சீரிஸ்ல பழைய மாஃபியா ஆள் ஃபீச் லா மன்னாவோட சீட்டுக்கச்சேரில புகுந்து கொள்ளையடிச்சு பேர் வாங்குனது யாரு? டோனி, அவரோட கூட்டாளிங்க ஜாக்கி அப்ரில், சில்வியோ. ஒரே செட்டுப் பசங்க. படத்துல டோனி ஸ்கூல் பையன், சில்வியோ விக்கு வச்ச பெரிய மனுஷன்! முன்கதை எடுத்தாலே இந்த வம்புதான், சீரிஸ்ல போறபோக்குல சொன்ன ஒவ்வொரு வரியும் வந்து கால்ல மாட்டும்.

ஒரு இடத்துல மட்டும் அது நல்லா வேல செஞ்சிருக்கு. நாலாவது சீசன் முதல் எபிசோட்ல, "உங்கப்பாவக் கொன்னது இவன்தான்"னு ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரர தன் கேங் பையன் கிறிஸ்டோபருக்கு டோனி கை காட்டுவாரு. படத்துல கிறிஸ்டோபரோட அப்பா டிக்கியப் போட ஆள் அனுப்புனது டோனியோட பெரியப்பா ஜூனியர். அப்ப டோனி பொய் சொன்னாரா, இல்ல அவருக்கே தெரியாதா? அதனால படத்துக்கு முன்னாடி அந்த எபிசோட இன்னொரு வாட்டி பாருங்க. கூடவே முதல் சீசன் 7, மூணாவது சீசன் 3. டோனியோட அப்பாவ நல்லாப் புரிஞ்சுக்க அந்த ரெண்டும் போதும்.

சரி, கடைசி சீனுக்கு அப்புறம் கதைய நகர்த்துனா யாரு மிச்சம்? சில்வியோ கோமால. டோனி கேங்கோட பாலியா நடிச்ச நடிகர் டோனி சிரிகோ 2022-ல இறந்துட்டாரு. டோனியோட மகன் ஏஜே, மாஃபியா வாரிசு லிட்டில் கார்மைனோட சினிமா கம்பெனில உக்காந்திருக்கான், அத வச்சு காமெடி வேணா எடுக்கலாம்.

டோனியோட மக மெடோகிட்டதான் சரக்கு இருக்கு. அவளுக்கு நிச்சயம் ஆன பையன் பேட்ரிக், டோனி கேங் ஆள் பாட்ஸி பரிசியோட மகன். அந்த பாட்ஸி யாருன்னு ஞாபகம் இருக்கா? ரெண்டாவது சீசன் முதல் எபிசோட்ல டோனி போடச் சொன்ன பிலிக்கு ரெட்டைப் பிறவி. மூணாவது சீசன் ஆரம்பத்துல குடிச்சுட்டு டோனி வீட்டுக்குப் பின்னாடி துப்பாக்கியோட நின்னு, சுட முடியாம நீச்சல் குளத்துல மூத்திரம் பேஞ்சுட்டுப் போவாரே, அவரேதான். கூடப்பொறந்தவனக் கொன்னவனே சம்பந்தி! கடைசி எபிசோட்ல கல்யாணப் பேச்சுக்கு டோனி வீட்டு சோஃபால சிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு பாருங்க, அந்தச் சிரிப்ப நிறுத்தி நிதானமா பாக்கணும்.

மெடோ லா படிக்கப் போறதே, அப்பாவ எஃப்பிஐ இழுத்துட்டுப் போனதப் பாத்துப் பாத்துத்தான். டோனி கேங்கோட கார்லோ வேற எஃப்பிஐ பக்கம் சாஞ்சாச்சு. டோனி மேல கேஸ் வர 80, 90 சதவீதம் வாய்ப்புன்னு அவரோட வக்கீல் மிங்க்கே சொல்லிட்டாரு.

சிக்கல் என்னன்னா, மெடோ "அப்பா இருந்திருந்தா"ன்னு ஒரு வார்த்த சொன்னாலும் போச்சு, "அப்பாகிட்ட கேக்கறேன்"னாலும் போச்சு. கருப்பு ஸ்க்ரீனுக்குப் பதில் வந்துரும். அதனால கதைய பரிசி வீட்டுக்குள்ள வச்சு, பாட்ஸி முன்னாடி டோனி பேர யாரும் எடுக்கக்கூடாதுங்கறத வீட்டு வழக்கமாவே ஆக்கிடணும்.