கைக்கு எட்டிய புத்தகம்

நேயர்களுக்கு வணக்கம்.

பெரியவர்கள் ஏன் புத்தகம் படிப்பதில்லை என்று கேட்டால், நேரமில்லை என்ற பதில்தான் முதலில் வரும். அடுத்த பழி கைப்பேசி மேல் விழும். கிளை நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான் கண்டது வேறு. கிடைக்கிற அரை மணி நேரத்தில் எந்தப் புத்தகம் கைக்கு எட்டுகிறதோ, அதைத்தான் படிக்கிறோம். நம் ரசனையில் பெரும்பகுதி அப்படிப் படித்துப் படித்து உண்டானதுதான்.

பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தது. கடைக்குப் போய்ப் புத்தகம் வாங்கும் வழக்கமே இல்லாத வீடுகளிலும் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்தார்கள். அந்தப் பைண்டு தெரு முழுக்கச் சுற்றும். 1999இல் எழுத்தாளர் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகி, யாரும் அச்சிடலாம் என்றானதும் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் அச்சிட்டன. 2022இல் திரைப்படம் வந்தபோது, பல வருடமாகப் புத்தகத்தைத் தொடாதவர்கள்கூட அதைத் தேடினார்கள். விலை கட்டுப்படியானது, நாலு பேர் அதைப் பற்றிப் பேசினார்கள். வாசிக்க வைக்க அது போதுமானதாக இருந்தது. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களும் அப்படித்தான். கைப்பையில் அடங்கும், ஊர் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும். அவற்றை மட்டமாகப் பேசுவதை நான் ஏற்பதில்லை.

இன்னொரு காரணத்தை யாரும் பேசுவதில்லை. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து. "முன்ன மாதிரி மனசு நிக்கலம்மா" என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பித் தந்த பலருக்குக் குறை கண்ணில் இருந்தது, மனத்தில் இல்லை. கண்ணாடி போட்டதும் திரும்ப வந்தார்கள். பக்கத்தைக் குறைக்க எழுத்தைச் சிறிதாக்கும் பதிப்பாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பெண்களைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். நூலகம் திறந்திருக்கும் மாலை வேளையில்தான் வீட்டில் அடுப்பு எரியும், பிள்ளைகள் பள்ளி விட்டு வருவார்கள். அதனால் மகனோ கணவரோ வந்து, "வீட்ல படிக்க ஏதாவது குடுங்க" என்று கேட்டு, சமையல் குறிப்போ ஆன்மிகமோ எடுத்துப் போவார்கள். அதே பெண்கள் ஒருநாள் தாங்களே வந்து அலமாரி முன் நின்றால் எடுப்பது வேறாக இருக்கும். பயணக் கட்டுரை கேட்பார்கள், துப்பறியும் கதை கேட்பார்கள். ஒரு அம்மா இரண்டாம் உலகப் போரைப் பற்றி இருந்த நூல்களை ஒவ்வொன்றாக வாசித்து முடித்தார். அவருக்கு அதில் இவ்வளவு ஈடுபாடு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது!

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதி வைத்த நூலக விதிகளில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வாசகர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. 1948இல் நூலகச் சட்டம் வந்தது. இன்றும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். ஆகவே உங்களுக்கு வேண்டிய புத்தகம் இல்லையென்றால் நூலகரிடம் தயங்காமல் கேளுங்கள், எழுதிக் கொடுங்கள். அம்மாவுக்கோ மனைவிக்கோ நீங்கள் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அவர்களை அழைத்துக்கொண்டு போங்கள். அந்த ஒரு மாலை அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.