நிலக்கரிக்கு அடியில் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

நிலக்கரியால் நமக்கு என்ன நன்மை, என்ன தீமை என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் கடலூர் மாவட்டத்தில் வேதியியல் ஆசிரியராக வேலை பார்த்தவன். அதனால் ஜார்க்கண்ட், ஒடிசா என்று வெகுதூரம் போகாமல் நெய்வேலியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் லெக்கோ என்ற கரிக்கட்டியை எரிக்கும் அடுப்பு இருந்தது. உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அதைப் பற்றவைப்பதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அடியில் அடுப்புக்கரியும் தேங்காய் நாரும் போட்டு, கை வலிக்க விசிற வேண்டும். பற்றிக்கொண்டால் சமையல் முடிந்த பிறகும் தணல் அடங்காது. குளிக்க வெந்நீரும் அதிலேயே ஆகிவிடும். புகையே வராது. அந்த லெக்கோ நெய்வேலியில் தயாரானதுதான். ஆனால் தோண்டி எடுத்த கரி அப்படியே அடுப்புக்கு வரவில்லை. நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. அதில் ஏறத்தாழ பாதி எடை ஈரம். இரண்டு கிலோ எடுத்தால் ஒரு கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கி, காற்றுப் படாமல் சுட்ட பிறகுதான் அது லெக்கோ ஆனது. அந்த ஆலையைப் பிற்பாடு மூடிவிட்டார்கள்.

இந்த ஈரத்தால்தான் நெய்வேலியில் சுரங்கமும் மின்நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தண்ணீரைச் சுமந்துகொண்டு ரயில் ஓட்டுவது யாருக்குக் கட்டுப்படியாகும்? கன்வேயர் பெல்ட்டில் கரி நேராகக் கொதிகலனுக்குப் போய்விடுகிறது. தூத்துக்குடி, வடசென்னை அனல் மின்நிலையங்களின் கதை வேறு. ஒடிசாவில் வெட்டிய கரி ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வந்து, கப்பல் ஏறி, இங்கே இறங்க வேண்டும். அங்கே அடைமழை பிடித்தால் இங்கே கையிருப்பு எத்தனை நாளுக்கு என்று கணக்குப் பார்ப்பார்கள். நெய்வேலிக்கு அந்தக் கவலை இல்லை. அதற்கு இருக்கும் கவலை வேறு.

1930-களில் நெய்வேலியில் நிலம் வைத்திருந்த ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது. அவர் அதை அரசுக்குத் தெரிவித்தார். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1957-இல் தோண்ட ஆரம்பித்தார்கள். கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். நான்கு ஆண்டுகள் மண்ணைத்தான் அள்ளிக்கொண்டிருந்தார்கள். சாதாரண மண்ணும் இல்லை. இயந்திரத்தின் பல்லைத் தேய்க்கிற கடினமான மணற்கல். ஜெர்மனியிலிருந்து ராட்சதச் சக்கர இயந்திரங்கள் வந்து இறங்கின.

மண்ணை விடவும் பெரிய சிக்கல் தண்ணீர். கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்ட நிலத்தடி நீர் இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தம். இருபது மாடிக் கட்டடத்தின் உச்சித் தொட்டியிலிருந்து தரைத்தளக் குழாய்க்கு இறங்கும் நீரின் அழுத்தத்தை நினைத்துப் பாருங்கள். மேலே உள்ள மண் பாரத்தை எடுத்துவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிய்த்துக்கொண்டு அது மேலே வந்துவிடும். ஆகவே சுற்றிலும் ஆழ்குழாய்கள் போட்டு இரவு பகல் பாராமல் இறைக்கிறார்கள். சுரங்கம் இருக்கும்வரை இதை நிறுத்த வழியில்லை.

அந்த நீரில் ஒரு பகுதி கால்வாய்களில் போய் வாலாஜா ஏரிப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. சென்னைக்குக்கூடக் குடிநீராகப் போயிருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் மோட்டார் இல்லாமல் தானாகப் பொங்கி வழிந்த கிணறுகள் இருந்தன. இன்று எத்தனை அடி போட்டும் ஈரம் வரவில்லை என்று விவசாயிகள் புலம்பும்போது, சுரங்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

சரி, இவ்வளவு பாடுபட்டு எதற்கு? இரவு ஏழு மணிக்காக. சூரிய மின்சாரம் நண்பகலில் கொட்டும். முப்பந்தலில் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை நன்றாகச் சுற்றும். ஆனால் எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் டிவியும் ஓடும் நேரத்தில் சூரியன் போய்விடும், காற்று சொல்பேச்சுக் கேட்காது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். 2012-இல் மாவட்டங்களில் நாளுக்குப் பாதி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மோட்டார் ஓடாமல் பயிர் காய்ந்தது, விசைத்தறி நின்றது. அதைப் பார்த்தவனால் நிலக்கரியே வேண்டாம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் கணக்கையும் சொல்ல வேண்டும். பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ எரிக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பழைய மின்விசிறி இரவு பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் கிலோ. வெளியாகும் கரியமில வாயுவும் யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்குக் குறையாது. கந்தக வாயு வேறு. அதைப் புகையிலிருந்து பிரித்தெடுக்கும் கருவி பொருத்தச் சொல்லி 2015-இல் விதி வந்தது. அதன் பிறகு கெடுவை நீட்டிக்கொண்டே போனார்கள். 2025-இல் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். நெய்வேலிக் கரியில் சாம்பல் குறைவு. ஒடிசாக் கரியில் நூறு கிலோவுக்கு முப்பது, நாற்பது கிலோ சாம்பல் மிஞ்சும். சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போனது போக மீதி என்ன செய்கிறது என்று எண்ணூர்க் கழிமுகத்தில் மீன்பிடிப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் நிலை இன்னும் கடினம். 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வெட்ட வளையமாதேவியில் பச்சை நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலம் எப்போதோ கையகப்படுத்தியது என்றது நிறுவனம். அறுவடைவரை பொறுத்திருக்கக் கூடாதா என்று உயர் நீதிமன்றம் கேட்டது. மின்சாரம் மாநிலம் முழுவதற்கும் வருகிறது. ஊரைவிட்டுப் போவது சில கிராமங்கள் மட்டும். நம் மின்கட்டண ரசீதில் இந்த இழப்பின் விலை சேர்வதில்லை. சேர்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சோவியத் உதவியோடு கட்டிய நெய்வேலியின் முதல் அனல் மின்நிலையம் 1962-இல் ஓடத் தொடங்கியது. 2020-இல் அதை மூடிவிட்டார்கள். சுரங்கங்களுக்கும் ஒருநாள் முடிவு வரும். அப்போது பம்புகள் நின்றால் குழியில் நீர் ஏறும். கிழக்கு ஜெர்மனியில் சென்ஃப்டன்பெர்க் என்ற ஊரில் இப்படி ஒரு பழுப்பு நிலக்கரிக் குழி 1970-களிலேயே ஏரியாகிவிட்டது. மக்கள் படகு விடுகிறார்கள், குளிக்கிறார்கள். ஆனால் அந்த வட்டாரத்து வேறு சில குழிகளில் கிளறிவிட்ட மண்ணின் கந்தகம் கரைந்து நீர் அமிலமாகிப் புளித்துப் போனது. சுண்ணாம்பு கொட்டிச் சரிசெய்கிறார்கள். சுண்ணாம்புக்கான செலவு சுரங்கம் மூடிய பிறகும் தொடர்கிறது. நெய்வேலிக் குழிகளுக்கு அந்தப் பணத்தை யார், எப்போது எடுத்துவைப்பது என்று கரி வந்துகொண்டிருக்கும்போதே பேசி முடித்தால் நல்லது.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.