பறித்ததே அதிகம்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். திறன்பேசியின் உடலமைப்பு வளர்ந்த விதம் பயனருக்குத் தந்தது அதிகமா, பறித்தது அதிகமா? பறித்ததே என்பது எங்கள் அணி.

எதிரணி அம்மையார் சற்று முன் என்ன சொன்னார்? "பேட்டரியைக் கழற்றி, ஊதி, சட்டையில் துடைத்து மாட்டிய கூட்டம் இது. இவர்களுக்கு வளர்ச்சி எப்படிப் புரியும்?" நீங்கள் கைதட்டினீர்கள். நாகரிகம் கருதி நானும் தட்டினேன்.

ஆமாம் அம்மா, ஊதினோம். ஊதியதும் வேலை செய்ததே!

என் பெரியப்பா பழைய கைபேசியில் சம்பந்தியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கையை ஓங்கினார், கைபேசி பறந்தது. உடல் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம், பேட்டரி கட்டிலுக்கு அடியில். பெரியப்பா குனிந்து, தவழ்ந்து, மூன்றையும் பொறுக்கினார். ஊதினார். மாட்டினார். அது மெதுவாக உயிர் பெற்று வருவதற்குள் கோபம் இறங்கிவிட்டது. மறுபடி அழைத்து, "சாப்பிட்டீர்களா சம்பந்தி?" என்றார். அந்தப் பக்கம் வசவோடு தயாராக இருந்தவர் திகைத்துப்போய், "ஆயிற்று, நீங்கள்?" என்றார். சண்டை தீர்ந்தது!

பிறகு வளர்ச்சி வந்தது. பெரியப்பா கண்ணாடியாலான புதிய கைபேசி வாங்கினார். அதே சம்பந்தி, அதே சண்டை, ஓங்கியதும் அதே கை. கைபேசி விழுந்தது. மூன்றாகப் பிரிந்ததா? இல்லை. திரை சிலந்தி வலையாக விரிந்தது. ஆனால் நடுவர் அவர்களே, அழைப்பு மட்டும் துண்டிக்கப்படவில்லை! உடைந்த கண்ணாடிக்குள்ளிருந்து சம்பந்தி திட்டிக்கொண்டே இருந்தார். அழைப்பைத் துண்டிக்கத் திரையைத் தொட வேண்டும். தொட்டால் விரல் கிழியும். பெரியப்பா கைகட்டி நின்று முழுவதையும் கேட்டார்!

கேமரா வளர்ந்ததை ஒப்புக்கொள்கிறேன். 2007-இல் வந்த முதல் ஐபோனில் 2 மெகாபிக்சல் கேமரா ஒன்றுதான்; முன்பக்கக் கேமராவே கிடையாது. போகட்டும், அந்த மதிப்பெண்ணை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் தண்ணீர் புகாதிருக்கத்தான் முதுகை ஒட்டி மூடினார்கள் என்றாரே, அதை விடமாட்டேன். 2014-இல் வந்தது சாம்சங் கேலக்ஸி எஸ்5. முதுகை நகத்தால் நெம்பித் திறக்கலாம், பேட்டரியை மாற்றலாம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் ஐபி67 தரமும் அதற்கு இருந்தது. அடுத்த ஆண்டே எஸ்6 வந்தது. பேட்டரி உள்ளே சிறைப்பட்டது, மெமரி கார்டு செருகும் இடம் காணாமல் போனது. அந்தத் தண்ணீர்த் தரமாவது மிஞ்சியதா? அதுவும் போயிற்று! 2016-இல் ஐபோன் 7 வந்தபோது ஹெட்போன் துளையை அடைத்தார்கள். மேடையில் அதற்குக் காரணம் 'துணிச்சல்' என்றார்கள். துளை எங்களுடையது, துணிச்சல் அவர்களுடையது!

மூடினால் என்ன, பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். கொடுத்தேன், அம்மா. இனி நான் சிரிக்க வைக்கப் போவதில்லை.

என் தாயார் இப்போது இல்லை. கடைசி மாதங்களில், தூக்கம் வராத இரவுகளில், தன் கைபேசியில் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தார். எங்களுக்கு அது பின்னால்தான் தெரிந்தது. எடுத்துப் பார்த்தபோது பேட்டரி உப்பி, பின்பக்கக் கண்ணாடியைத் தூக்கி நின்றது. மெமரி கார்டு கிடையாது. பதிவெல்லாம் உள்ளேயே இருக்கிறது. பழுதுபார்ப்பவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சூடுகாட்டிப் பசையை இளக்க வேண்டும், உப்பிய பேட்டரியில் கருவி பட்டால் தீப்பிடிக்கலாம், உள்ளிருப்பதற்குப் பொறுப்பேற்க முடியாது என்றார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு முந்தைய அவருடைய கைபேசிக்கு வேறு பேட்டரி போட்டேன். உடனே விழித்தது. அதில் அவர் குரல் இல்லை.

மணி அடித்துவிட்டீர்கள், இதோ முடித்துவிடுகிறேன். பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் இயற்றியது. 2027 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வருகிறது. சில விலக்குகளும் உண்டு. அவற்றை எதிரணி தேடிக்கொள்ளட்டும். என் அம்மாவின் கைபேசி அந்தக் கணக்கில் வராது. வணக்கம்.